போட்டி வேண்டாம், கூடி அமர ஓர் அறை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைப்பேசி இளையோரின் மனநலத்தைக் கெடுப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட கவலைகள் நியாயமானவை. அதே கைப்பேசியைக் கொண்டு, பலர் ஒன்றுகூடிப் படம் எடுத்தும் குரல் பதிந்தும் தங்கள் கதையைத் தாங்களே தொகுத்தும் மன ஆறுதல் பெறும் முயற்சிகளைப் பற்றியும் தாங்கள் எழுத வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய 'டிஜிட்டல் கதைசொல்லல்' பட்டறைகள் இதற்கு முன்னோடி. பங்கேற்போர் வட்டமாக அமர்ந்து தம் வாழ்வின் ஒரு நிகழ்வைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்கும் கேள்விகளால் அது கூர்மையாகும். பிறகு ஒரு பக்க அளவுக்கு எழுதி, சொந்தக் குரலில் வாசித்து, தம்மிடமுள்ள படங்களோடு சேர்த்து இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக்குவார்கள். 2001 முதல் 2008 வரை பிபிசி வேல்ஸ் நிறுவனம் இம்முறையைச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்றது. பிரிட்டனில் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் இவ்வாறு உருவாக்கிய கதைகள் மருத்துவர், செவிலியர் பயிற்சியிலும் பயன்பட்டுவருகின்றன. கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைசெய்வது பற்றி, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடி அறையில், வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர், மனநல சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பத்தினரோடு இத்தகைய அமர்வுகளை நடத்திவருகிறோம். குரல் பதியும்போது இரைச்சல் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிடுவோம். அந்த வெக்கையிலும் யாரும் எழுந்துபோவதில்லை. மகனின் முகம் படத்தில் வரவே கூடாது என்று உறுதியாக இருந்த ஓர் அம்மா, மாத்திரை அட்டைகள் வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாவை மட்டும் படமெடுத்து வந்தார். டப்பாவுக்கு முன்னால் அரிசி டின் தெரிந்தது. "ஏம்மா, இவ்வளவு உள்ளே தள்ளி வைக்கிறீங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "சொந்தக்காரங்க வந்தா கண்ணுல படக்கூடாதுன்னுதான்" என்றார் அவர். உடனே இன்னும் இரண்டு பேர், தாங்கள் மாத்திரையை எங்கே ஒளித்து வைக்கிறோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தக் காணொளி இன்றுவரை அவருடைய கைப்பேசியில் மட்டுமே இருக்கிறது. அதை யாருக்குக் காட்டுவது என்பதை அவரே முடிவுசெய்வார்.

பயன் விளைவது அந்தக் கேள்வியிலும் பதிலிலும், எந்தப் படத்தை வைப்பது எதை விடுவது என்று அவரவரே தீர்மானிப்பதிலும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காணொளி எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். ஆனால் நம் கல்வி நிலையங்களில் இம்முயற்சி பெரும்பாலும் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று நடக்கும் குறும்படப் போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. யாருடைய துயரம் அதிகம் உருக்குகிறதோ அவருக்கே பரிசு என்றாகும்போது, வாய் திறக்கவே தயங்கும் பிள்ளை இன்னும் ஒதுங்கிப்போகும். வென்ற காணொளியை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. சிகிச்சையில் உள்ளவரின் புகைப்படத்தையோ தகவலையோ அவருடைய ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 24ஆம் பிரிவில் கூறுகிறது. அந்தச் சட்டத்தின் உணர்வைப் பள்ளி, கல்லூரிகளும் மதிக்க வேண்டும்.

மருந்துக்கோ மருத்துவருக்கோ இது மாற்று அன்று. பழைய நினைவைச் சொல்லும்போது சிலர் உடைந்துபோவதுண்டு என்பதால், பயிற்சி பெற்ற மனநல சமூகப் பணியாளர் ஒருவர் அறையில் இருந்தே ஆக வேண்டும். 14416 என்ற, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண்ணையும் எல்லோரிடமும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று, வீட்டுக் கைப்பேசி கணவரிடமோ மகனிடமோதான் இருக்கிறது என்று சொல்லும் பெண்கள் பலர். குழுவுக்கென்று பொதுவாக இரண்டு கைப்பேசிகள் இல்லாவிட்டால், யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்களே விடுபட்டுப்போவார்கள்.

1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் குறிப்பிட்ட நாள்களில் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். உடன் வரும் உறவினர்கள் நெடுநேரம் காத்திருக்கிறார்கள். அந்த நாள்களில் அருகிலுள்ள கிளை நூலகத்தின் ஓர் அறையை மதியத்துக்கு மட்டும் திறந்துவிட்டு, பத்துப் பேருக்கு மிகாத ஒரு வட்டத்தைத் தொடங்க மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். பரிசு, சான்றிதழ் எதுவும் வேண்டாம். எங்கள் பகுதியில் அப்படியொரு வட்டம் தொடங்கினால், அதை நடத்துவோருக்குப் படத்தொகுப்பைக் கற்றுத்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்.