நேமுனஸ் தீவுக்கு ஒரு நாள் போய் வா, கண்ணு

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "இந்த ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, காலேஜ் விட்டால் ரூம், ரூம் விட்டால் காலேஜ்" என்றாய். அப்போதிருந்து எனக்கு மனசில் ஒன்றுதான் ஓடுகிறது. நீ டாக்டருக்குப் படிக்கப் போயிருப்பது லிதுவேனியாவின் கௌனஸ் நகரம். கூடைப்பந்தை உயிராக நினைக்கிறவர்களுக்கு அது கோயில் ஊர். அங்கே இருந்துகொண்டு அந்த ஊர்க் கூடைப்பந்து அணியான ஜால்கிரிஸின் ஆட்டம் ஒன்றுகூட நீ இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா காலேஜ் டீமில் சென்டர் ஆடியவள் என்று உனக்குத் தெரியும். எங்கள் கோச், உயரமான பெண்களைத் தனியாக உட்காரவைத்து அர்விதாஸ் சபோனிஸைப் பற்றிச் சொல்வார். சென்டர் என்றால் ரிங்குக்குக் கீழே நின்று பந்தைப் பிடித்துப் போடுகிற ஆள் மட்டும் இல்லை, ஆட்டத்தையே நடத்தலாம் என்பதற்கு அவர்தான் உதாரணம். 221 செ.மீ. உயரம். ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் பந்தை வாங்கி, போர்டுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கட் பண்ணி ஓடுகிறவன் எங்கே வருகிறான் என்று திரும்பியே பார்க்க மாட்டார். ஆனால் பந்து அவன் கையில் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் உன் கௌனஸில் பிறந்தவர்.

ஆனால் அந்த ஊரின் கதை அவரிடம் ஆரம்பிக்கவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், இன்றைய தலைநகர் வில்னியஸ் போலந்தின் கையில் இருந்ததால் கௌனஸ்தான் லிதுவேனியாவின் தற்காலிகத் தலைநகர். 1937-இல் ரீகாவில் நடந்த ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டியை லிதுவேனியா ஜெயித்தது. அடுத்த போட்டி 1939-இல் கௌனஸில். அதற்காகவே ஒரு விளையாட்டு அரங்கத்தைச் சில மாதங்களில் கட்டி முடித்தார்கள். முதல் நாளே பக்கத்து நாடான லாட்வியாவுடன் மோதல். கடைசி நொடியில் பிரானஸ் லுபினஸ் போட்ட பந்தில் 37-36 என்று வெற்றி, முடிவில் கோப்பையும் அவர்களுக்கே. லுபினஸ் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த லிதுவேனியர், 1936 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியில் ஆடியவர். அந்தப் பழைய அரங்கம் ஓக் மரப் பூங்கா பக்கம் இன்னும் நிற்கிறது. 2011 வரை ஜால்கிரிஸுக்கு அதுதான் வீடு.

மறுவருஷமே நாடு போயிற்று. முதலில் சோவியத், பிறகு ஜெர்மனி, 1944-இல் மறுபடியும் சோவியத். அந்த 1944-இல்தான் ஜால்கிரிஸ் அணி உருவானது. 1410-இல் ஜெர்மானிய வீரத்துறவிகளின் படையை லிதுவேனியரும் போலந்துக்காரர்களும் சேர்ந்து முறியடித்த போரின் பெயர் அது. தனிக்கொடிக்கு இடமில்லாத காலத்தில், பச்சை வெள்ளைச் சட்டையில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு மாஸ்கோவுக்குப் போய் ஆடினார்கள். 1947-லும் 1951-லும் சோவியத் சாம்பியன். அதற்குப் பிறகு 34 வருஷம் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

எதிரி யார் என்றால் மாஸ்கோ ராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ. எந்த மூலையில் நல்ல ஆட்டக்காரன் தலையெடுத்தாலும் ராணுவ சேவை என்று சொல்லி இழுத்துக்கொள்ள முடிந்த அணி அது. பயிற்சியாளர் விளாதாஸ் கராஸ்தாஸ் கையில் சபோனிஸ், குர்தினைதிஸ், ஹொமிச்சியுஸ், யோவைஷா என்று ஒரு செட் அமைந்தது. 1985, 86, 87 மூன்று வருஷமும் இறுதியில் அதே ராணுவ அணியைத் தோற்கடித்தார்கள். 1972-இல் ரோமாஸ் கலான்தா என்ற 19 வயதுப் பையன் சுதந்திரம் கேட்டுத் தீக்குளித்த ஊர் அது. அங்கே இந்த வெற்றிகள் வெறும் விளையாட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

1986-இல் புடாபெஸ்டில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதி, எதிரே டிராசென் பெட்ரோவிச் ஆடிய யூகோஸ்லாவிய அணி சிபோனா. சபோனிஸ் எதிரணிக்காரரைக் குத்தி வெளியேற்றப்பட, 94-82 தோல்வி. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆற்றாமைதான். அப்புறம் அவருக்கு அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. நீ அனாடமியில் படித்திருப்பாய், அது அறுந்த ஒரு சென்டர் மறுபடி குதிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலோடுதான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 82-76 என்று அரையிறுதியில் சாய்த்துத் தங்கம் வாங்கினார்கள். அணியின் பெயர் சோவியத், முதுகெலும்பு கௌனஸ்காரர்கள். நான்கு வருஷம் கழித்து பார்சிலோனா ஒலிம்பிக்கில், சொந்தக் கொடியின் கீழ், பழைய சோவியத் நாடுகளின் கூட்டணியை 82-78 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள்.

1999-இல் மியூனிக்கில் இத்தாலியின் போலோன்யா அணியை 82-74 என்று வீழ்த்தி, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான யூரோலீக் கோப்பையையே ஜால்கிரிஸ் கொண்டுவந்தது. பயிற்சியாளர் கஸ்லவுஸ்கஸ், இறுதியின் நாயகன் டைஸ் எட்னி என்ற குட்டையான அமெரிக்க கார்டு. 2004-இல் 39 வயதில் திரும்பி வந்து ஆடிய சபோனிஸ் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். ஆனால் டெல் அவிவில் அந்த ஊர் அணியோடு ஆட்டம், மூன்று பாயிண்ட் முன்னிலை, இரண்டு நொடி மிச்சம், கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் தவறின. எதிரணி த்ரீ பாயிண்டர் போட்டு சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்துவிட்டது. அந்த ஊரில் வயசானவர்கள் யாரிடமாவது இதைக் கேட்டுப் பார். பேசாதவர்களும் பேசுவார்கள்.

இன்னொன்று, அம்மாவாக எனக்குப் பிடித்தது. கௌனஸிலேயே பிறந்த ஷாரூனஸ் யசிகேவிச்சியுஸ் பயிற்சியாளராக இருந்தபோது, 2017-இல் லிதுவேனிய லீக் அரையிறுதி நடக்கும்போது ஓர் ஆட்டக்காரர் குழந்தை பிறக்கிறது என்று ஊருக்குப் போய்விட்டார். ஒரு நிருபர் அதெப்படி விட்டீர்கள் என்று கேட்டார். குழந்தை பிறப்பதைவிட மேலானது எது, உனக்குப் பிள்ளை பிறந்தால் புரியும் என்று அத்தனை பேர் முன்னாலும் அவர் விளக்கினார். அடுத்த வருஷம் அதே பயிற்சியாளர் அணியை யூரோலீக்கில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனார், அதுவும் சி.எஸ்.கே.ஏ.வை ஜெயித்து.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நேமுனஸ் ஆற்றுத் தீவில் இருக்கிற ஜால்கிரிஸ் அரங்கத்தில் பதினைந்தாயிரம் பேர் உட்காரலாம். முதலில் உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றுக்குப் போ. பிடித்துப்போனால் வில்னியஸ் ரீத்தஸ் அணி வரும் நாளைத் தேடிப் பிடி, அதுதான் அவர்களுக்குப் பரம்பரைப் போட்டி. உன் வகுப்பில் அந்த ஊர்ப் பெண் யாராவது இருந்தால் கூட வரச் சொல்லிக் கேள். தயங்காதே. டிக்கெட் காசை நான் தனியாக அனுப்புகிறேன், அப்பாவிடம் கேட்க வேண்டாம். ஸ்வெட்டர், குல்லாய் எல்லாம் போட்டுக்கொண்டு போ. ஆட்டம் முடிந்ததும் இங்கே மணி என்ன என்று பார்க்காமல் கூப்பிடு. சென்டர் யார், எப்படிப் பாஸ் கொடுக்கிறான் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா