பிள்ளைகளுக்கு ஒரு அறையைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டக்கல்லூரி அனுமதிக்கான எல்சற் (LSAT) பரீட்சையை 2026 ஆகஸ்ட் முதல் பெரும்பாலானவர்கள் பரீட்சை நிலையத்துக்குப் போய்த்தான் எழுதவேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து எழுதுவதில் களவு நடக்கிறது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு அந்தச் செய்தி வேறு விதத்தில் ஆறுதல் தந்தது.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் ஆறு பேர். பேஸ்மென்றில் வாடகைக்கு ஒரு குடும்பம். நான் இரவு வேலை. போன வருடம் மகள் தன் அறையிலிருந்து இந்தப் பரீட்சையை எழுதினாள். தொடங்கமுன், மறுபக்கத்தில் இருந்த கண்காணிப்பாளர் நாலு சுவரையும் மேசைக்குக் கீழேயும் கமராவில் காட்டச் சொன்னார். வெற்றுத்தாள் 5, அவற்றையும் இரண்டு பக்கமும் புரட்டிக் காட்டினாள். 35 நிமிடப்படி நாலு பகுதி, இரண்டு முடிய 10 நிமிட இடைவேளை. மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போது, பிள்ளை விடியத் தொடக்கம் ஒன்றும் குடிக்கவில்லையே என்று என் மாமியார் தேத்தண்ணியோடு கதவைத் திறந்துவிட்டார்.

பரீட்சையை நிறுத்தி, யார் வந்தது என்று கேட்டு, அறையை மறுபடி சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மகளுக்கு வாசித்தது எதுவும் மனதில் ஏறவில்லை. 6 நாளுக்குள் புள்ளியை ரத்துச் செய்தாள். ரத்துச் செய்தாலும், ஐந்து வருடத்துக்குள் 5 தடவைதான் எழுதலாம் என்ற கணக்கில் ஒன்று போனது போனதுதான். மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரில் ஒரு பிழையும் இல்லை. அவருக்கு நாங்கள் ஒன்றும் விளங்கப்படுத்தியிருக்கவில்லை.

மகள் எட்டு மாதம் படித்தாள். வீடு ஒருநாளும் ஆயத்தப்படவில்லை. அடுத்த முறைக்கு அதைத்தான் முதலில் செய்தோம். பரீட்சையை நடத்துபவர்களின் லோஹப் (LawHub) இணையத்தளத்தில் சில பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, திரையும் உண்மையான பரீட்சை போலவே இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நேரத்துக்கு அவள் ஒன்றை முழுதாக எழுத, வீட்டில் குக்கர் விசிலடிக்காது, தம்பி கேம் விளையாடமாட்டான். கதவில் மாமியாரே தன் கையால் 'பரீட்சை, திறக்கவேண்டாம்' என்று எழுதி ஒட்டினார். 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டபின் இந்தச் சோதினை முழுக்க வாசிப்பும் தர்க்கமும்தான். வாய்விட்டு வாசிக்கவும் விடமாட்டார்கள். முணுமுணுத்தே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தைக் கைவிட ஒரு மாதம் எடுத்தது.

இந்தப் பரீட்சையை வீட்டில் எழுதவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை இப்போதே தொடங்குங்கள்.

ஆகஸ்டுக்குப் பிறகும் படிப்பு வீட்டில்தானே நடக்கப்போகிறது. இரண்டரை மணித்தியாலம் ஒருவரும் கதவு தட்டாத ஒரு அறை எங்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறது? எங்கள் கோயில்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் கூட்டம் இல்லாத நாட்களில் அறைகள் பூட்டியே கிடக்கின்றன. ஒரு மேசை, ஒரு கதிரை, நல்ல இன்ரநெற் இருந்தால் போதும். நிர்வாகத்தினர் தயவுசெய்து யோசியுங்கள்.

எங்கள் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். பொறுப்பாக ஒருவர் இருந்தால் திறப்பைத் தரலாம் என்றார்கள். சனிக்கிழமை காலைகளில் நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்
ஸ்காபரோ, கனடா