ஆறு மணிக்கு முதலில் நீங்கள் எழுந்திருங்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

விடுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லித் திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பின்னணி உங்களுக்குத் தெரியும். வேலை நேரம் ஆறு மணியோடு முடிகிறது என்று விதியில் இருப்பதும், ஆறு மணிக்கு ஒருவரும் கிளம்புவதில்லை என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை. பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழி ஏழு மாதக் கர்ப்பிணி. அன்றைய வேலையை ஐந்தே முக்காலுக்கே முடித்துவிட்டார். ஆறு மணிக்குப் பையை மடியில் எடுத்து வைத்து ஜிப்பை மூடினார், தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். யாரும் அசையவில்லை. உடனே ஜிப்பைத் திறந்து தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து, அதற்காகத்தான் பையை எடுத்தது போல ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு மணிக்கு ஒரு தடவை, ஏழரைக்கு ஒரு தடவை, இதேதான். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார், கால் வீங்கியதில் அது உள்ளே நுழையவில்லை. திரையில், முடித்துவிட்ட அட்டவணையையே மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். எட்டு நாற்பதுக்குத் துறைத் தலைவர் எழுந்து போனார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மாடி முழுக்கக் காலி.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்திலா வேலை முடிந்தது? முன்பே முடிந்துவிட்டது. அவர் இருக்கிறாரே என்று இவரும், இவர் இருக்கிறாரே என்று அவரும் உட்கார்ந்திருந்தோம். நானும்தான். "நீங்க கிளம்புங்க, ஒண்ணும் ஆகாது" என்று தோழியிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

1968-இல் லத்தானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் அறையில் ஆட்களைப் படிவம் நிரப்ப உட்கார வைத்துவிட்டு, சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். கூடவே, சொல்லிவைத்தபடி கண்டுகொள்ளாமல் இருக்கும் இருவரை உட்கார வைத்தபோது, பத்து பேரில் ஒருவர்தான் வெளியே போய்ச் சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், ஆனால் படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் சும்மா இருந்தால் புகைகூட ஒன்றுமில்லாததாகிவிடுகிறது. எங்கள் மாடியில் வீங்கிய கால் அப்படித்தான் ஆனது.

"யாரையும் நாங்கள் பிடித்து வைக்கவில்லை, அது நம் அலுவலகக் கலாச்சாரம்" என்று முன்பு ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். கோபிக்காதீர்கள், அது பதில் இல்லை. கலாச்சாரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. யார் எப்போது எழுகிறார், யாரைப் பாராட்டுகிறார்கள், யார் போகும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே கவனித்துவிடுகிறார். அடுத்த மாதம் அவரைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்கிறார். யாரும் வாயால் சொல்லாத விதி இப்படித்தான் உறுதியாகிறது.

இப்போது அந்தச் சுற்றறிக்கை. "நம் ஊழியர்களில் பெரும்பாலானோர் தங்கள் விடுப்பை எடுப்பதே இல்லை, தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் எழுதியிருப்பீர்கள், ஆனால் படித்தவர்களுக்கு முதல் பாதிதான் மனதில் நின்றது. அமெரிக்காவின் அரிசோனாவில், மரங்கள் கல்லாகிப்போன ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் அந்தக் கல் துண்டுகளை எடுத்துப் போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு விதமான பலகைகளை அங்கே வைத்துப் பார்த்தார்கள். எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்ட பலகை இருந்தபோது, அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் காணாமல் போயின. முன்பு வந்த பலர் எடுத்துப் போய்விட்டார்கள் என்று சொன்ன பலகை இருந்தபோது கிட்டத்தட்ட 8 சதவீதம் போனது. ஊரே செய்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டு, நீ செய்யாதே என்றால் யார் கேட்பார்கள்? அந்தச் சுற்றறிக்கையைப் படித்து என் வரிசையில் ஒருவர் தான் கேட்டிருந்த இரண்டு நாள் விடுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எனக்கு இருக்கும் கோபம் இந்த அலுவலகத்தோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே "மத்தவங்க எப்படி இருக்காங்க பார்" என்றுதான் வளர்க்கிறார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தே படிப்பைத் தேர்ந்தெடுக்கிறோம், வேலையைத் தேர்ந்தெடுக்கிறோம், வலிக்கிறது என்று சொல்வதா வேண்டாமா என்பதைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம். அந்த நாலு பேரும் நம்மைப் பார்த்து அதே பயத்தில்தான் இருக்கிறார்கள். இதையெல்லாம் சரிசெய்ய உங்களைக் கேட்க முடியாது.

ஆனால் ஆறு மணி உங்கள் கையில் இருக்கிறது. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ், ஒரு கோட்டைக் காட்டி அதே நீளமுள்ள இன்னொரு கோடு எது என்று கேட்டுச் செய்த சோதனையில், கூட இருந்த எல்லோரும் வேண்டுமென்றே தவறான கோட்டைக் காட்டியபோது, நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். சரியான பதிலைச் சொல்ல ஒரே ஒருவர் துணைக்கு இருந்ததும் அந்தத் தவறுகள் கால்வாசியாகக் குறைந்தன. ஒரே ஒருவர் போதும். அந்த ஒருவர் எங்களில் ஒருவராக இருந்தால் ஆண்டு மதிப்பீட்டில் "ஈடுபாடு போதாது" என்று எழுதுகிறீர்கள், அதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அது நீங்களாக இருக்க வேண்டும்.

கேட்பது இவ்வளவுதான். ஆறு மணிக்குத் துறைத் தலைவர்கள் முதலில் எழுந்திருங்கள். கணினியை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி "நான் கிளம்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு நாள் மட்டும் இல்லை, தினமும். அப்புறம், அந்தச் சுற்றறிக்கையில் "பெரும்பாலானோர் எடுப்பதே இல்லை" என்ற பகுதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

என் தோழி அடுத்த மாதக் கடைசி வரை வேலைக்கு வருவார். அதற்குள் தொடங்கிவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் இருந்து ஓர் ஊழியர்