நாலு விரற்கடை

சூரமங்கலம், சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

ஒருவழியாக, சேலம்–மேட்டூர் லைனைப் பார்த்து மாடியில் நான் கட்டிய மாதிரி ரயிலுக்கு இன்று வெள்ளோட்டம் பார்த்தாயிற்று. 'அதான் ஆறு வருஷமா ஓடுதே' என்பாய். சுற்றிச் சுற்றி ஓடுவது வேறு, வேலைக்குப் போவது வேறடா. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: இது நிலக்கரியோடு மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு, இது காலியாக மேக்னசைட் ஜங்ஷனுக்கு என்று. கடிகாரமும் நாலு மடங்கு வேகம். ஆறு மணி நேர ஷிப்ட் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும்.

வண்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் யார்டு எனக்கு, ஓமலூர் ஸ்டேஷன் மச்சானுக்கு. டிரைவர், எதிர்வீட்டுப் பையன். மேட்டூர் அணை ஸ்டேஷனில் நம் ரிட்டயர்டு ரயில்வே கார்டு அண்ணன், விசிலோடு வந்திருந்தார். வந்ததும் குனிந்து பார்த்து, "தண்டவாளம் ரெண்டும் நெருக்கமா இருக்கே" என்றார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நம் மாதிரி நிஜத்தில் 87இல் ஒரு பங்கு; அந்தக் கணக்குப்படி நம் அகலப்பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும்; கடையில் கிடைப்பது 16.5தான்.

முதல் நிலக்கரி வண்டியிலேயே மாட்டிக்கொண்டோம். ஓமலூர் லூப்பில், அதாவது மெயின் லைனை ஒட்டிய பக்கப் பாதையில், அதை ஒதுக்கி, மேட்டூரிலிருந்து வரும் பாசஞ்சருக்கு வழிவிட வேண்டும். நிஜத்தில் 58 வேகன். அப்படியே செய்தால் மாடியில் ஏழு மீட்டர் போய்விடும். அதனால் எட்டு வேகன்தான் வைத்தேன். அதுவும் அடங்கவில்லை! கார்டு வண்டி நாலு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு மெயின் லைனை அடைத்தது. இன்ஜின், வேகன், கார்டு வண்டி நீளங்களைக் கூட்டினவன், இடையில் கப்ளிங் கொக்கி இருக்கும் ஒன்பது இடைவெளியை விட்டுவிட்டேன். ஆறு வருஷமாக அங்கே எதுவும் நின்றதில்லையே, எப்படித் தெரியும்?

அண்ணன்தான் வழி சொன்னார். ரயிலைப் பின்னுக்குத் தள்ளி, கார்டு வண்டியை கூட்ஸ் ஷெட் லைனில் கழற்றிவிட்டு, மிச்சத்தை லூப்புக்குள் இழுத்தோம். "கடைசியில கார்டையே கழட்டி விட்டுட்டீங்க" என்று அவரே சிரித்தார்.

அப்புறம் கோலிக் கதை. பழைய டோக்கன் முறையில், ஒற்றைப் பாதையில் போக அனுமதி தரும் அந்த டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாதல்லவா? நிஜத்தில் அது இரும்புக் குண்டு. நான் ஒரு பகுதிக்கு ஒரு கோலி கொடுத்திருந்தேன். மச்சான் நீலக் கோலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டான். "பரவால்ல, எடுப்பா" என்றேன். பையன் மாட்டேன் என்றுவிட்டான். பத்து நிமிஷம், எங்கள் கடிகாரத்தில் நாற்பது, மேட்டூர் லைன் முழுக்க நின்றது. எனக்குக் கோபமே வரவில்லை, செல்வம். சிக்னலடியில் விளக்கோடு நின்ற அந்த பாசஞ்சரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் ஓடினபோதுகூட அது இவ்வளவு நிஜமாக இருந்ததில்லை.

நடுவில் சாந்தி தட்டுவடை செட் கொண்டுவந்தாள். அந்த எண்ணெய்க் கையோடு எல்லோரும் வேகனைத் தூக்கி வைக்க, தண்டவாளமெல்லாம் பிசுக்கு; இன்ஜின் விக்கி விக்கி நின்றது. இனி பலகாரம் ஷிப்ட் முடிந்த பிறகுதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வரும் வாரம் ஓமலூர் லூப்பைப் பிரித்து ஒரு சாண் நீட்டப்போகிறேன். பொங்கலுக்கு வந்துவிடு. நம் மாடியில் மேச்சேரி ரோடு ஸ்டேஷனுக்கு மாஸ்டர் இல்லை.

உன்,
முருகேசன்

பி.கு.: மச்சான் கோலியோடு ஈரோட்டுக்குப் போய்விட்டான். வரும்போது நீலத்தில் ஒன்று வாங்கி வா.