கிளிச்கோவைக் கொட்டாவியால் அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் உலகின் தலைசிறந்த ஹெவிவெயிற் குத்துச்சண்டை வீரர்கள் பத்துப் பேரின் பட்டியல் வந்திருந்தது. பட்டியலோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. ஜோ லூயிஸ், முகமது அலி, லாரி ஹோம்ஸ் எல்லாரும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: விளாடிமிர் கிளிச்கோவைச் சேர்க்கவில்லை, ஒன்பது வருசம் உலகத்தைத் தூங்க வைத்தவருக்கு இங்கே இடமில்லை என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது. வெட்டுவதென்றால் என்னுடைய குசினிக் கதையை வெட்டுங்கள், குத்துச்சண்டைக் கதையை விட்டுவையுங்கள்.

நான் 1992இல் ஜேர்மனிக்கு வந்தவன். றூர் பக்கத்து நகரமொன்றில், ஓர் உணவகத்தின் குசினியில் இருபத்தாறு வருசம் நின்றேன். சனிக்கிழமை என்றால் இரவு பத்தரை மட்டும் மூச்சுவிட நேரமிராது. அதற்குப் பிறகு அடுப்பைத் துடைத்து, நிலத்தைக் கழுவி, முன்னால் இருக்கிற பாருக்கு வந்தால் ரீவியில் ஆர்ரிஎல் அலைவரிசை போய்க்கொண்டிருக்கும். உக்ரேன்காரரான கிளிச்கோ சகோதரர்களின் (அண்ணன் விற்றாலி, தம்பி விளாடிமிர்) போட்டி என்றால் நாடே அதற்கு முன்னால்தான். 2011 ஜூலையில் ஹம்பேர்க்கில் டேவிட் ஹேயோடு தம்பி மோதியதை இங்கே ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். (தோற்ற பிறகு ஹே, கால் சின்னவிரல் முறிந்திருந்தது என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு மேசையில் ஏறிக் காட்டியதையும் பார்த்தோம். அது தனிக்கதை.) தூங்கப்போகிறவர்கள் அந்த நேரத்துக்கு ரீவியைப் போட்டுவைக்க மாட்டார்கள்.

ஆனால் எங்கள் பாரிலும் முணுமுணுப்பு இருந்தது, மறைக்கவில்லை. என்னோடு பாத்திரம் கழுவின ஊர்ப் பொடியன் ஒருவன் ஒவ்வொரு தடவையும் கேட்பான்: "அண்ணை, இவன் அடிக்க வந்தவனோ, அணைக்க வந்தவனோ?" இடக்கையை நீட்டி ஒரு குத்து, இன்னொரு குத்து, எதிராளி கிட்ட வந்தால் கழுத்தில் பாரத்தைப் போட்டு ஒரு கட்டிப்பிடி, மத்தியஸ்தர் விலக்க மீண்டும் இடக்கை. பன்னிரண்டு சுற்றும் இதுதான் என்றால் யாருக்குத்தான் கொட்டாவி வராது?

கொட்டாவி விட்டவர்கள் அதற்கு முந்தைய கிளிச்கோவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக்கொண்டு தொழில்முறைக்கு வந்தவர், இரண்டு கையாலும் விளாசுகிற ஆள். அதே ஆளை 2003 மார்ச்சில் ஹனோவரில் கொரி சாண்டர்ஸ் என்ற தென்னாபிரிக்க இடக்கைக்காரர் இரண்டு சுற்றுக்குள் நாலு தரம் விழுத்தினார். அடுத்த வருசம் லாஸ் வேகாஸில் லமொன் புரூஸ்டர். நாலாம் சுற்றில் புரூஸ்டரை விழுத்தியவரும் கிளிச்கோதான், ஐந்தாம் சுற்றில் காற்றுப்போன பலூன் மாதிரித் தள்ளாடி நின்றவரும் கிளிச்கோதான். அன்றோடு முடிந்தது என்று இங்கத்தைப் பத்திரிகைகள் எழுதின. ஜேர்மன்காரர் இப்படி ஓரடியில் ஆடிப்போகிற ஆளுக்கு நாடி, அதாவது தாடை, கண்ணாடியால் செய்தது என்பார்கள்.

2005 செப்ரெம்பரில் அட்லாண்டிக் சிற்றியில் சாமுவேல் பீற்றரோடு போட்டி. விடியப்புறம் எழும்பியிருந்து பார்த்தேன். பீற்றர் அப்போது யாரைத் தொட்டாலும் விழுத்துகிற இளந்தாரி. ஐந்தாம் சுற்றில் கிளிச்கோ இரண்டு தரம் விழுந்தார். பத்தாம் சுற்றில் மூன்றாம் தரம். சரி, போய்ப் படுப்போம் என்று நான் எழும்பிவிட்டேன். மனிதன் எழும்பி, பழையபடி இடக்கையை நீட்டினார். முடிவில் மூன்று நடுவர்களும் 114-111 என்று அவருக்கே கொடுத்தார்கள். மூன்று தரம் விழுந்தும் மிச்சச் சுற்றுகளை ஒன்றொன்றாகப் பொறுக்கி எடுத்து வென்றவரை, உலகத்தைத் தூங்க வைத்தவர் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார். எனக்கு அது விளங்கவில்லை.

இதில் பெரிய பங்கு இமானுவேல் ஸ்ரூவேர்ட்டுக்கு உண்டு. டெட்ரொயிற் நகரின் குரொங் பயிற்சிக்கூடத்துக்காரர், தோமஸ் ஹேர்ன்ஸை வளர்த்தவர், லெனொக்ஸ் லூயிஸுக்குப் பயிற்சி கொடுத்தவர். 2004இல் கிளிச்கோவிடம் வந்த அவர் அந்தக் கண்ணாடி நாடியை இரும்பாக்க மினக்கெடவில்லை. அது நடவாது என்று அவருக்குத் தெரியும். அந்த நாடிக்கு எதிராளியின் கை எட்டாதபடி மற்ற எல்லாவற்றையும் கட்டினார்: ஆறரை அடி உயரம், அதைவிட நீண்ட கைவீச்சு, பாதம் இருக்கவேண்டிய தூரம், குத்திய கையோடு பின்வாங்குகிற காலடி, கிட்ட வருகிறவனின் தோளில் இறக்குகிற பாரம். தான் எங்கே உடைவேன் என்று துல்லியமாக அறிந்த ஒருவர் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட மதில் அது. 2006 ஏப்ரலில் மான்ஹைமில் கிறிஸ் பேர்டை வென்று பட்டத்தை எடுத்தவர் 2015 நவம்பர் மட்டும் விடவில்லை. ஒன்பது வருசமும் ஏழு மாதமும், பதினெட்டுத் தடவை பட்டத்தைக் காத்தார். ஹெவிவெயிற்றில் ஒரே ஓட்டமாக இதைவிட நீளமாகப் பட்டத்தோடு இருந்தவர் ஜோ லூயிஸ் ஒருவர்தான்.

ஊரில் கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோட்டில் நின்று மறிக்கிறவனுக்கு யார் கைதட்டியது? உச்சி வெட்டி, வளைந்து, நழுவிப் பாய்கிறவனுக்குத்தான் விசில். ஆனால் ஆள் பிரிக்கும்போது முதலில் யாரைக் கேட்போம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு நெட்டையன் இருந்தான். கையை விரித்துக்கொண்டு கோட்டில் இரண்டு அடி அங்கே, இரண்டு அடி இங்கே, அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவனைக் கவனிக்கவே மாட்டார்கள். அவன் நின்ற கோட்டைத் தாண்ட முடியாமல் பின்னேரம் முழுக்க வியர்த்த எங்களுக்குத்தான் அவனைத் தெரியும்.

2008 பெப்ரவரியில் நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் கிளிச்கோ செய்தது அதைத்தான். எதிராளி சுல்தான் இப்ராகிமோவ், இடக்கைக்காரர், அதனால் வலக்கைதான் முன்னே நிற்கும். கிளிச்கோ தன் இடது கையுறையால் அந்த வலக்கையைத் தட்டித் தட்டிக் கீழே அமத்திக்கொண்டே இருந்தார், பன்னிரண்டு சுற்றும். ஒருவனின் முன்கையை இல்லாமல் செய்துவிட்டால் அவன் எதைக் கொண்டு சண்டையைத் தொடங்குவான்? சனம் கூவியது. நானும் அன்று ரசித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். இன்னொரு தரம் பார்த்தபோதுதான் இப்ராகிமோவின் முகத்தைக் கவனித்தேன். தன் கையையே மறந்துபோன ஆள் மாதிரி நின்றார்.

நேரில் பார்த்தது ஒரே ஒரு தரம். 2009 ஜூன் 20, கெல்சென்கியர்சென் உதைபந்தாட்ட அரங்கு, அறுபத்தோராயிரம் பேர். முதலில் ஹேதான் வருவதாக இருந்தது. அவர் முதுகுவலி என்று விலக, றுஸ்லான் சகாயெவ் வந்தார். ரிக்கெற்றை எப்போதோ வாங்கிவிட்டேன். போட்டி வந்தபோது முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு மாதம். வீட்டில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை, தொலைபேசியும் கணினியுமாக இருந்தோம். போகாமல் விடலாம் என்றுதான் இருந்தேன், மனைவிதான் போய்விட்டு வாங்கோ என்று அனுப்பினா. மேலே கூரைக்குக் கிட்ட இருக்கை. குத்துகிற சத்தம் அங்கே வராது. மேடையில் இரண்டு பொம்மைகள் அசைவது மாதிரி. இரண்டாம் சுற்றில் சகாயெவ் ஒரு தரம் விழுந்தார், பிறகு இடக்கை, இடக்கை, இடக்கை. ஒன்பதாம் சுற்றோடு சகாயெவ் தரப்பு போதும் என்றுவிட்டது. பக்கத்து இருக்கைக்காரன் காசுக்கு நட்டம் என்றான். யாரும் யாரையும் நொருக்குவதைப் பார்க்கிற மனம் எனக்கு அன்று இல்லை. ஒரு மனிதன் தனக்கு அடி விழாமல் பார்த்துக்கொள்கிறதை, அதையே ஒரு வேலையாகப் பிசகில்லாமல் செய்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த மாதத்தில் முதல் தடவையாக நல்ல நித்திரை. உங்கள் கட்டுரையாளர் சொன்ன தூக்கம் இதுதான் என்றால் எனக்கு முறைப்பாடு இல்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். 2013 ஒக்ரோபரில் மொஸ்கோவில் பொவெட்கினோடு நடந்தது அசிங்கம். நாலு தரம் விழுத்தினார், மூன்று நடுவர்களும் 119-104 போட்டார்கள், அது சரி. ஆனால் அன்று அவர் செய்தது தற்காப்பு இல்லை, ஆளின் மேலே ஏறிப் படுத்தது. பதினோராம் சுற்றில்தான் மத்தியஸ்தர் ஒரு புள்ளியைக் கழித்தார். எனக்கென்றால் நாலாம் சுற்றிலேயே கழித்திருப்பேன். எதிராளியின் கையை அறிவால் செயலற்றதாக்குவது வேறு, நூற்றுப்பத்துக் கிலோவை அவன் கழுத்தில் தொங்கவிடுவது வேறு. ஸ்ரூவேர்ட் அதற்கு முந்தின வருசம் இறந்துபோனார். அவர் கிளிச்கோவின் மூலையில் பயிற்சியாளராக இருந்திருந்தால் ஏச்சு விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2010இல் டுசெல்டோர்வில் எடி சேம்பர்ஸோடு புள்ளிகளில் மிக முன்னே நின்றபோதும், ஆளை ஏன் முடிக்கவில்லை என்று மூலையில் வைத்து ஏசியவர் அவர். கடைசிச் சுற்றில் ஐந்து செக்கன் மிச்சமிருக்க இடக்கைக் கொக்கிக் குத்து ஒன்றால் சேம்பர்ஸ் மயங்கி விழுந்தார். சலிப்பூட்டுகிற இந்த மனிதர் வென்ற 64 போட்டிகளில் 53 நொக்அவுட்டில் முடிந்தவை என்பதையும் கட்டுரையாளர் ஒருக்கால் பார்த்திருக்கலாம்.

2015இல் அதே டுசெல்டோர்வில் டைசன் பியூரியிடம் பட்டம் போனது. தன்னைவிட உயரமான, ஒரு இடத்தில் நில்லாத ஆளுக்கு முன்னால் மதில் கட்டத் தெரிந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பத்தாறு நிமிடத்தில் அவர் குத்தியதில் பட்டவை 52 மட்டும் என்று கணக்கெடுத்தார்கள். அந்த இரவு எனக்கும் சலிப்புத்தான். கவலையும்.

கிளிச்கோவைப் பட்டியலில் சேர்க்காமல் விட நியாயம் தேடினால் நல்ல நியாயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் கட்டுரையாளர் தொடவே இல்லை. அவர் காலத்து ஹெவிவெயிற்றில் அவருக்கு நிகரானவர் என்று சொல்லக்கூடியவர் சொந்த அண்ணன் விற்றாலி. இருவரும் ஒருவரோடொருவர் மோதுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தவர்கள். ஆகவே ஒரே வீட்டில் பட்டங்கள் எல்லாம் இருந்தும், வீட்டுக்குள் யார் பெரியவர் என்பது தெரியாமலே போயிற்று. மற்ற எதிராளிகள் மட்டம் என்று சொல்லலாம், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஜோ லூயிஸின் எதிராளிகளையும் அந்தக் காலப் பத்திரிகைகள் மாதமொரு சோதா என்றுதான் நக்கலடித்தன, இன்று உங்கள் பட்டியலில் லூயிஸ் இரண்டாவது. இந்த அடிப்படையில் யாராவது கிளிச்கோவை விட்டால் நான் இருந்து வாதாடுவேன், கோபிக்க மாட்டேன். பார்க்க அலுப்பாக இருந்தது என்பது பார்த்தவரைப் பற்றிய தகவல். அமெரிக்காவில் கனஸ்டோட்டாவில் இருக்கிற சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்துக்காரர் 2021ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசிப் போட்டி, 2017 ஏப்ரல் 29, வெம்பிளி. தொண்ணூறாயிரம் பேருக்கு முன்னால், நாற்பத்தொரு வயதில், இருபத்தேழு வயது அந்தனி ஜோஷுவாவோடு. ஐந்தாம் சுற்றில் விழுந்தார், ஆறாம் சுற்றில் வலக்கையால் ஜோஷுவாவை விழுத்தினார், பதினோராம் சுற்றில் ஜோஷுவா கீழிருந்து மேலே விட்ட ஓர் அப்பர்கட்டோடு முடிவு தொடங்கியது, அந்தச் சுற்றிலேயே மத்தியஸ்தர் போட்டியை நிறுத்தினார். உலகமே எழும்பி நின்று கைதட்டியது. அதுவரை அவரைக் கண்டுகொள்ளாத என் மகன், "அப்பா, இண்டைக்குத்தான் இவர் பெரிய வீரன்" என்றான். தோற்ற அன்றைக்கு! ஆறாம் சுற்றில் ஜோஷுவா ஆடிக்கொண்டு நிற்கையில் கிளிச்கோ பாய்ந்து முடிக்காமல் தூரம் பிடித்து, பார்த்துப் பார்த்து ஜாப் (நீட்டி அடிக்கிற இடக்கைக் குத்து) போட்டதை மட்டும் எல்லாரும் குறை சொன்னார்கள். 2004இல் லாஸ் வேகாஸில் புரூஸ்டரை விழுத்திய பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பதை நினைத்து வைத்திருந்தவர் அந்த அரங்கில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

இனி ஒரு திருத்தம். கட்டுரைக்குப் பக்கத்தில் விளாடிமிர் கிளிச்கோ என்று போட்டு நீங்கள் பிரசுரித்த படம் அவருடையது அல்ல. அது அண்ணன் விற்றாலி, 2014இலிருந்து கீவ் நகர மேயராக இருப்பவர். அடுத்த தடவை மாறாமல் இருக்க அடையாளம் சொல்கிறேன்: இரண்டு கையையும் இடுப்பளவுக்குத் தாழ விட்டுக்கொண்டு நாடியை நிமிர்த்தி நிற்பவர் அண்ணன். தம்பியின் படம் என்றால் இடக்கை முன்னே நீண்டிருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஜேர்மனி