அண்ணாவுக்கு, பிள்ளையோடு லண்டன் வைற்ஹோல் வீதியில் நடப்பது பற்றி

அண்ணா,

நீங்கள் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. பெரிய மணிக்கூடு, தேவாலயம், டவுனிங் வீதி வாசல், குதிரை வீரர்கள், சிங்கச் சிலைகள். எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தானே, ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: "மற்றக் கதையெல்லாம் பிள்ளைக்கு வேண்டாம்."

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் இதைத் தொடங்கினால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள், நானும் விட்டுவிடுவேன். எல்லாரும் பார்க்க எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்திருந்தவரை இது அசையவே இல்லை. எங்களைப் போல அண்ணா தங்கச்சி எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

நான் முடிவெடுத்துவிட்டேன். மருமகளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் பட்டியலில் உள்ளதெல்லாம் காட்டுவேன். மற்றக் கதையையும் சொல்லுவேன்.

ஊரில் போர் நடந்த 2009 ஏப்ரலில் நாங்கள் ஏன் பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் நின்றோம் என்பதை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. பாலத்தை மறித்து இருந்தது, பொலிஸ் வந்து தூக்கியது, உண்ணாவிரதக் கூடாரம், ஈராக்குக்காக 2001இலிருந்து அங்கேயே கிடந்த பிரையன் ஹோவின் பதாகைகள், எல்லாம் நீங்கள் என்னைவிடக் கிட்ட நின்று பார்த்தவர். நான் எழுத வந்தது அங்கிருந்து பஸ்ஸுக்குப் போன அந்தப் பின்னேரம்.

உங்களுக்குத் தொண்டை அடைத்திருந்தது. சதுக்கத்தைத் தாண்டி வைற்ஹோலுக்குள் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீதியின் நடுவில் நிற்கும் அந்த வெள்ளைக் கல் நினைவுத்தூணைப் பார்த்து நான்தான் கேட்டேன், "இதில ஏன் அண்ணா ஒரு பேரும் இல்லை?" நீங்கள் தோளை உயர்த்தினீர்கள், அவ்வளவுதான். பிறகு நானே தேடிப் படித்தேன். லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1919இல் மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாகத்தான் செய்தார். சனம் வந்து பூ வைத்து வைத்து, எடுக்க விடவில்லை. 1920இல் கல்லில் கட்டினார்கள். முதலாம் உலகப் போரில் செத்த இலட்சக்கணக்கானவர்களில் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒன்று.

செத்தவர்களுக்கு ஒரு கல் நாட்டி, அதற்கு நடுவீதியில் இடம் விட்டு, பஸ்ஸும் காரும் இரண்டு பக்கத்தாலும் சுற்றிப் போகிற நாடு இது. எங்களுடைய கல்லுகளுக்கு என்ன நடந்தது என்று இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. நீங்கள் ஊருக்குப் போய் வருகிறவர். உங்களை எங்கேயும் மறித்து இதைக் கேட்க வேண்டாம்.

தூணைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், பெண்களுக்கான நினைவுச்சின்னத்தடியில், உங்கள் தொலைபேசி அடித்தது.

நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினீர்கள். நான் அந்தக் கறுத்த வெண்கலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் உலகப் போரில் வேலை செய்த பெண்களுக்காக 2005இல் வைத்தது. அதில் ஒரு முகமும் கிடையாது. சுற்றிவர 17 உடுப்புகள், கொளுவியில் தொங்கவிட்ட மாதிரி. தாதியின் மேலங்கி, வயலில் வேலை செய்தவளின் தொப்பி, இரும்பு ஒட்டுகிற வேலைக்காரியின் முகமூடி. உள்ளே ஆள் இல்லாத கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு கோட்டின் மடிப்பு எவ்வளவு ஆழமாகச் செதுக்கியிருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள், "ஓம்... ஓம்... எப்ப?" என்று கேட்டது காதில் விழுந்தது. பிறகு, "சரி, நான் சொல்லுறன்."

"ஆர் அண்ணா?"

"தெரிஞ்ச பெடியன். கெதியா வா, பஸ் போயிடும்."

அதற்குப் பிறகு நீங்கள் பேசத் தொடங்கினீர்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நீங்கள்தானே கூட்டிக்கொண்டு காட்டுவது? அந்தக் கதைகள் எல்லாம் மனப்பாடம். குதிரைகள் நாலு மணியோடு உள்ளே போய்விடும் என்றீர்கள். அந்த வாசலுக்கு மேலே உள்ள மணிக்கூட்டில் இரண்டாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுத்தப் புள்ளி இருக்கிறது, பார் என்றீர்கள். முதலாம் சார்ள்ஸ் ராசாவின் தலையை வெட்டிய நேரத்தைக் குறிக்க வைத்ததாம், எதிரே இருக்கிற மாளிகைக்கு முன்னால்தான் வெட்டினது, 1649 ஜனவரி என்றீர்கள். வீதி முடிவில் குதிரையில் இருக்கிற அதே ராசாவைக் காட்டி, "பார், தன்னை வெட்டின பக்கத்தையே பாத்துக்கொண்டிருக்கிறார். லண்டனுக்கு எத்தனை மைல் எண்டு அளக்கிறதும் இந்த இடத்திலயிருந்துதான்" என்றீர்கள். தொண்டை அடைத்த ஆள், நிறுத்தாமல்.

நான் சந்தோஷப்பட்டேன், அண்ணா. அத்தனை நாளுக்குப் பிறகு உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். சிங்கத்தில் ஏறி இருக்கலாமா என்றுகூடக் கேட்டேன். நீங்கள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டீர்கள். படமும் எடுத்தீர்கள்.

வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்ற முதல், அம்மாவுக்கு முன்னால் வைத்துத்தான் சொன்னீர்கள். யாருடைய செய்தி என்று இங்கே எழுதவில்லை. அவரோடு கூட இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் ஏன் செய்தீர்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. நடுவீதியில் நான் விழுந்துவிடுவேன், பஸ்ஸில் அழுவேன் என்று பயந்திருப்பீர்கள். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்னைச் சிங்கத்தில் ஏற்றிவிட்ட உங்கள் கையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகும். எனக்கு அண்ணாவாக இருந்தீர்கள், அப்பாவாகவும் இருந்தீர்கள். ஆனால் அழுகிற உரிமை எனக்கும் இருந்தது. அந்த வீதியில் நீங்கள் தனியாகச் சுமந்ததில் பாதி என்னுடையது. கேட்காமலேயே எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த வருடம் கலியாணம், ரொறன்ரோ. அம்மாவின் மருந்தும் அம்மாவின் இரவுகளும் எனக்கு. நான் குறை சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்தது எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் அவ அந்தத் தொலைபேசியில் என்ன சொன்னார்கள் என்று என்னிடம்தான் கேட்டா. எனக்கு என்ன தெரியும்?

சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இல்லை, சொன்னதற்கு இல்லை. இவ்வளவு பேர் பார்க்கச் சொன்னதற்கு.

இப்போது போனால் அந்தச் சதுக்கம் நீங்கள் விட்டுப்போன மாதிரி இல்லை. பெரிய மணிக்கூட்டின் முட்கள் அன்று கறுப்பு, பெரிய திருத்த வேலைக்குப் பிறகு நீலம். 1859இல் இருந்த நிறமாம். 2015இல் காந்திக்குச் சிலை வைத்துவிட்டார்கள், மண்டேலா நிற்கிற அதே சதுக்கத்தில். பட்டினி கிடந்து போராடிய மனிதருக்கு அங்கே சிலை வந்தது நல்லதுதான். 2009இல் அதே இடத்தில் பட்டினி கிடந்தவர்களைப் பற்றி ஒரு பலகைகூட இல்லை. பிள்ளை காந்திக்கு முன்னால் நின்று படம் எடுப்பாள். அப்போது பக்கத்தில் நிற்கிற நான் வாயை மூடிக்கொண்டு நிற்கவா?

அவளுக்குப் பதினாலு வயது. அந்தக் கதையைத் தாங்குவாள். தாங்காமல் அழுதால் நான் பக்கத்தில் இருப்பேன், வீதியோரத்தில் இருத்தி வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பேன். எனக்கும் அன்றைக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

மச்சாள் வேண்டாம் என்றால் என்னோடு நேரே பேசட்டும், கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால், காரணத்தைச் சொல்ல வேண்டும்.

வந்து இறங்கின அடுத்த நாளே நல்லது. பத்தரைக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் ஸ்ரேஷன் வாசலில் நிற்பேன். குதிரைக்காரர்களையும் பார்க்கலாம். உங்களால் முடிந்தால் நீங்களும் வாருங்கள். அந்த உடுப்புகள் தொங்குகிற இடத்துக்கு வரும்வரை நான் கதை சொல்லிக்கொண்டு வருகிறேன். அங்கே அன்று உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள், எங்கள் இருவருக்கும்.

தங்கச்சி