நேரம் போடாத செய்தி

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. திட்டுவாய், தாராளமாகத் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். விசில் சார் ரிட்டயர் ஆகியும் மைதானத்தை விடவில்லை, அதே தொப்பி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாழினி 800 மீட்டரில் ஜெயித்துவிட்டாள்டி! 2 நிமிடம் 13.4 விநாடி. முதல் சுற்று முழுக்க உள் தடத்தில் மூன்று பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். கடைசி 250 மீட்டரில் வெளியே வந்தவள், வளைவிலேயே இரண்டு பேரைத் தாண்டி, கோட்டுக்குப் பத்தடி முன்னால் மூன்றாவது பெண்ணையும் பிடித்தாள். நடுவில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள் பார், அது உன்னிடமிருந்து வந்த வியாதி.

மறுநாள் பேப்பரில் வந்தது. கத்தரித்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மேலே, பையன்களுக்கான 800 மீட்டரில் ஜெயித்தவன்: கழுத்து நரம்பு புடைக்கக் கோட்டைத் தாண்டும் படம், ஓடிய நேரம், முந்தைய நேரம், எந்த இடத்தில் வேகம் கூட்டினான் என்பதுவரை. கீழே இவள். பதக்கத்தைக் கன்னத்தில் வைத்துச் சிரிக்கிறாள். "தலையைச் சரிபண்ணிக்கம்மா" என்று நிற்கவைத்து எடுத்த படம். வெயிலில் ஓடினால் நிறம் கறுக்குமே, வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா என்று நிருபர் கேட்டிருக்கிறார். அந்தப் பதிலுக்கு ஒரு பத்தி. அப்பாவின் ஊக்கத்துக்கு ஒரு பத்தி. அவருக்கே கூச்சமாகிவிட்டது, "நான் வண்டியில் கொண்டுபோய் விட்டதோடு சரி" என்கிறார். மூன்று தடவை படித்தேன் ராஜி. அவள் ஓடிய நேரம் அதில் எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து இதே நினைப்புதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கட்டின்கா ஹோசு நான்கு வித நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் மெட்லியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அமெரிக்க டிவி வர்ணனையாளர், பயிற்சியாளரான அவர் கணவரைக் காட்டி, இதற்குக் காரணமானவர் இவர்தான் என்றார். தண்ணீரில் கிடந்தது யார்? அதே ரியோவில் கோரி காக்டெல் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றபோது, ஒரு சிகாகோ பத்திரிகை ட்விட்டரில் அவர் பெயரையே போடவில்லை. இன்ன அமெரிக்கக் கால்பந்து அணி வீரரின் மனைவி என்று போட்டது. அந்த வருடமே சானியா மிர்சாவிடம் எப்போது செட்டில் ஆவீர்கள் என்று கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்போது இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடம் அவருடையது!

பிரிட்டிஷ் டென்னிஸ்காரர் ஆண்டி மர்ரேயை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2017 விம்பிள்டனில் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஜெயித்தவர்தான் 2009க்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்கு வந்த முதல் அமெரிக்கர் என்று நிருபர் ஆரம்பிக்கும்போதே, "ஆண்களில்" என்று குறுக்கே சொன்னார். ஒரே வார்த்தை. அதே அமெரிக்காவின் செரீனாவும் வீனஸும் அந்த இடைவெளியில் எத்தனை அரையிறுதி ஆடியிருப்பார்கள்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கேமராக்காரர்களிடம், பெண்களையும் ஆண்களைப் போலவே படமெடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. நம் பேப்பர் போட்டோகிராபருக்கு அதை யார் சொல்வது?

கோபம் இருக்கட்டும். எனக்குப் பயமாக இருப்பது வேறு. போன வாரம் பயிற்சிக்குக் கிளம்பியவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். "ஓடும்போது என் முகம் ரொம்பக் கோரமா இருக்காம்மா?" என்று கேட்டாள். பதினேழு வருடத்தில் அவள் கேட்காத கேள்வி. அந்தக் கடைசி 50 மீட்டரில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அதைச் சொன்னால் நானும் அழகைப் பற்றித்தான் பேசுகிறேன், இல்லையா? வாயடைத்துப்போய் ஷூவின் நாடாவை மட்டும் கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் உன் நோட்டு ஞாபகம் வந்தது. ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாம் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தையும் பச்சை மையில் எழுதுவாயே, சுற்று வாரியாக. அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு, பின்னால் மிச்சமுள்ள தாள்களோடு. 2:13.4ஐ அதில்தான் எழுதப்போகிறோம். பச்சைப் பேனாவை அவளே வாங்கிவிட்டாள்.

உன்
செல்வி